பதினாலாவது கேள்வி

மேவிஸ் ஆக்ராய்டுக்கு இரண்டு வேலை. ஒன்று பள்ளிக்கூடச் சமையலறையில். காலையில் உருளைக்கிழங்கு, பதினொரு மணிக்குக் கஸ்டர்டு, மத்தியானம் பாத்திரம். அதை முடித்துக்கொண்டு பஸ் பிடித்து ஷிப்லி மேட்டுத்தெருவில் தன் வீட்டுக் கதவைத் திறந்தாளானால் மற்ற வேலை காலடியில் கிடக்கும். கடிதங்கள். குனிந்து பொறுக்கிக்கொண்டு, டீ போட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பிரிப்பாள். நியூசிலாந்திலிருந்து ஒன்று வரும். க்ளாஸ்கோவிலிருந்து இரண்டு. எல்லாமே 'தொலைவிளக்கு' என்ற பழைய தொலைக்காட்சித் தொடர் பற்றி.

நான் மேவிஸும் அவள் புருஷனும் இருந்த வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவன். அந்தத் தொடரின் ரசிகர் சங்கத்திலும் உறுப்பினன். ஆனாலும் இங்கே சொல்லப்போவதில் பாதி எனக்கு அந்தச் சமயத்தில் தெரியாது. எல்லாம் ஓய்ந்த பிறகு மேவிஸே உட்காரவைத்துச் சொன்னதுதான்.

'தொலைவிளக்கு' ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்றிலிருந்து அறுபத்தாறு வரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வந்த தொடர். விண்வெளியின் ஓரத்தில் கப்பல்களுக்கு வழிகாட்ட ஒரு விளக்கு நிலையம். அதில் ஐந்து பேர். பூமி அவர்களை மறந்தேபோய்விட்டது. அவ்வளவுதான் கதை. அட்டையில் செய்த சுவர்கள் கதவைச் சாத்தினால் ஆடும். ஆனாலும் அந்த மூன்று வருஷமும் ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு எங்கள் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. கடைசிப் பகுதியில் விளக்கு அணைந்ததும் மேவிஸ், முப்பத்துநாலு வயதுப் பொம்பளை, அடுப்படியில் போய் நின்று அழுதாள். அவள் புருஷன் ஹெட்லி அதைப் பார்த்துவிட்டான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எழுபத்தொன்பதில் கோர்டன் தாக்ரே என்ற பஸ் இன்ஸ்பெக்டர் தொடருக்கு ஒரு ரசிகர் சங்கம் தொடங்கினான். கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் வேண்டுமென்றான். மேவிஸ் கை தூக்கினாள். ஒரு வருஷத்திலேயே அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது: ஜனங்கள் கேட்பது திரும்பத் திரும்ப அதே கேள்விகளைத்தான். தளபதி ஏன் இடது கையில் மட்டும் கையுறை போடுகிறார்? (முதல் நாள் படப்பிடிப்புக்கு முன் நடிகர் கெட்டிலில் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு அதுவே அடையாளமாகிவிட்டது.) கதவு திறக்கும் சத்தம் எதனுடையது? (தபால் நிலைய இரும்பு இழுப்பறை.) நிலையத்தில் கழிவறை எங்கே? இதற்கு மேவிஸ் எழுதிய பதில்: "மூன்றாம் தளத்தில். காட்ட வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை." இப்படி இருபத்திரண்டு கேள்விகளையும் பதில்களையும் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, கடிதத்தோடு வைத்து அனுப்பினாள். உறுப்பினர்கள் அந்தத் தாளை வேதம் மாதிரி வைத்திருந்தார்கள். மேவிஸ் சொன்னால் சரியாக இருக்கும் என்பது சங்கத்தில் ஒரு பேச்சு.

பதினாலாவது கேள்வி இது: "முப்பத்தொன்பது பகுதிகளில் எட்டு காணாமல் போய்விட்டனவே, எங்காவது ஒரு பிரதி இருக்க வாய்ப்புண்டா?"

பதில்: "இல்லை. எழுபத்துமூன்றில் அத்தனையும் அழிக்கப்பட்டுவிட்டன."

அதைத் தட்டச்சு செய்த அன்று அவள் விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. ஏனென்றால் மாடிப் படுக்கையறை அலமாரியில், குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில், அந்த எட்டில் இரண்டு இருந்தன.

ஹெட்லி தொடரை எடுத்த தொலைக்காட்சிக் கம்பெனியில் வேன் ஓட்டினான். எழுபத்துமூன்றில் ஒருநாள் கிடங்கில் இடமில்லை என்று பல நிகழ்ச்சிகளின் முப்பத்தொரு படச்சுருள் டப்பாக்களை அவன் வேனில் ஏற்றி எரிக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். இறக்கும்போது சில டப்பா மேல் ஒட்டியிருந்த சீட்டில் 'தொலைவிளக்கு' என்று படித்தான். அடுப்படியில் நின்று அழுதவளின் ஞாபகம் வந்தது. இரண்டை எடுத்து இருக்கைக்கு அடியில் தள்ளினான். திரும்பி வந்து, முப்பத்தொன்றும் எரிந்தன என்று கையெழுத்துப் போட்டான்.

அவர்களிடம் புரொஜெக்டர் கிடையாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. ஆகவே அந்தச் சுருள்களில் என்ன இருக்கிறது என்று ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போர்வை மாற்றும்போது மேவிஸ் டப்பா மேல் கையை வைத்துப் பார்ப்பாள். அதோடு சரி. சங்கத்தில் சேர்ந்த பிறகு அந்தச் சந்தோஷமும் போயிற்று. வருகிற கடிதத்தில் எல்லாம் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் 'இல்லை'. எட்டு வருஷமாக 'இல்லை'.

எண்பத்தேழு அக்டோபரில் சமையலறையில் பெரில் அவள் கோட்டை முகர்ந்து பார்த்தாள். பெரில் அவளோடு இருபது வருஷமாக உருளைக்கிழங்கு உரிக்கிறவள்.

"நேத்து மீனும் சிப்ஸுமா? வினிகர் வாசம் ஊரைத் தூக்குது."

"இல்லையே. நேத்து முட்டைதான்."

"அப்ப ஹெட்லி உனக்குத் தெரியாம கடைக்குப் போய்ட்டு வந்து உன் கோட்டுல கை துடைச்சிருக்கான். ஆம்பளைங்களை நம்பாதே."

மேவிஸ் சிரித்தாள். சாயங்காலம் கோட்டை மாட்ட அலமாரியைத் திறந்தபோது அதே வாசம். பழைய அலமாரி, ஈரச் சுவர் என்று நினைத்து ஒரு கிண்ணத்தில் சோடா உப்பு வைத்து மூடினாள்.

அடுத்த மாதம் சங்கப் பத்திரிகைக்கு யாரோ ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். பழைய படங்களைப் பாதுகாக்கிறவர். பிழை திருத்தக் கோர்டன் அதை மேவிஸிடம் கொடுத்தான். மேஜையில் வைத்துப் பென்சிலோடு படித்துக்கொண்டே வந்தவள் இரண்டாம் பக்கத்தில் நின்றாள். படச்சுருள் கெட ஆரம்பித்தால் முதல் அடையாளம் புளித்த வினிகர் நாற்றம் என்று எழுதியிருந்தது. பிறகு சுருங்கும், நெளியும், ஒன்றோடொன்று ஒட்டும், கடைசியில் கல்லாகிவிடும். ஆரம்பித்தால் நிற்காது. ஒரு டப்பாவில் வந்தால் பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும்.

மேவிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். டீ ஆறிப் போகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஹெட்லி வந்ததும் கட்டுரையை அவன் முன்னால் வைத்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தான்.

"சரி. அதுக்கு?"

"அதுக்கா? சாகுது ஹெட்லி. நம்ம போர்வைக்கு அடியில."

"எல்லாம் ஒருநாள் சாகும்."

"விளையாடாதே. யார்கிட்டயாவது குடுத்துடணும்."

"குடுத்தா என்ன கேப்பாங்க? எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் முப்பத்தொண்ணுன்னு கையெழுத்து போட்டிருக்கேன், கண்ணு. எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாசம் இருக்கு. முப்பது வருஷம் ஓட்டினதுக்கு ஒரு பென்ஷன், ஒரு கைகுலுக்கல். அதைக் குப்பையில போடச் சொல்றியா?"

"பதினாறு மாசம் அது தாங்குமா?"

"பதினாலு வருஷம் தாங்கிச்சில்ல?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். திருட்டு என்று சொல்லிவிட்டால்? அறுபத்துமூன்று வயசில் போலீஸ் ஸ்டேஷனில் அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற காட்சி கஸ்டர்டு கிளறும்போதெல்லாம் கண்ணுக்குள் வந்தது. அதே நேரத்தில் டப்பாவுக்குள் என்ன நடக்கிறதோ என்ற கவலையும் விடவில்லை. அலமாரிக் கதவை ஒருநாளைக்கு நாலு தடவை திறந்தாள். திறந்தால் காற்றுப் பட்டு இன்னும் கெடுமோ என்று பயந்து சாத்தினாள். சாத்தினால் உள்ளே புழுங்குமோ என்று திறந்தாள். டப்பாக்களைத் தனித்தனியாகப் பிரித்து ஒன்றைக் குளிர்ச்சியான சரக்கறைக்குக் கொண்டுபோனாள். ஜாம் பாட்டில்களுக்குப் பின்னால் அது பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் பட்டுவிடும் என்று மறுபடி மாடிக்கே கொண்டுவந்தாள்.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள். கேள்வி பதில். ஒரு வாசகர் கேட்டதாகக் கோர்டனிடம் ஒரு கேள்வியைச் சொன்னாள்: "தொலைந்த பகுதி யாரிடமாவது இருந்து, அதை அவர் திருப்பிக் கொடுத்தால் அவருக்குத் தண்டனை உண்டா?" தாளில் இருபத்துமூன்றாவதாகச் சேர்க்கலாம், நீ ஒரு வக்கீலிடம் கேட்டுச் சொல்லேன் என்றாள்.

கோர்டனுக்கு மைத்துனன் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. ஒரு வாரம் கழித்து சீருடையோடே வந்து வாசலில் நின்றான்.

"கேட்டுட்டேன். ஒரு ரசிகன் குப்பையில கண்டெடுத்திருந்தா பெரிசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஆனா கம்பெனி ஆளே எடுத்திருந்தா வேலை போகும். கம்பெனி நினைச்சா கேஸும் போடலாம்." தொப்பியைக் கழற்றினான். "யாரு மேவிஸ் இதைக் கேட்டது?"

"ஒருத்தர். ஹல் ஊர்ல இருந்து."

"கடிதம் இருக்கா?"

"எங்கயோ வச்சுட்டேன்."

"நீயா? போன வருஷம் வந்த கிறிஸ்துமஸ் வாழ்த்தைக்கூட தேதி போட்டு வைக்கறவ நீ."

மேவிஸ் கைத்துண்டை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். கோர்டன் அவள் கையையே பார்த்தான். பிறகு, "சரி, கிடைச்சா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவன் வேலையே டிக்கெட் இல்லாத ஆளை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது. தனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

பிப்ரவரியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பிராட்ஃபோர்டில் ஓர் ஓட்டல் மாடியில் நூற்றெண்பது பேர். தளபதி மாதிரி இடது கையில் கையுறை போட்டவர்களே முப்பது பேர் இருப்பார்கள். வழக்கம்போல மத்தியான உணவுக்கு முன் மேவிஸ் மேடையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். ஜனங்களுக்குப் பதில்கள் மனப்பாடம். யாராவது கழிவறைக் கேள்வி கேட்டால் ஹாலே சேர்ந்து "மூன்றாம் தளத்தில்!" என்று கத்தும். அது ஒரு விளையாட்டு.

அன்றும் கத்தினார்கள். மேவிஸும் சிரித்தாள். அப்புறம் பின்வரிசையில் ஒரு மெலிந்த மனிதர் எழுந்தார். சுவான்சியிலிருந்து வந்திருந்தார்.

"என் தம்பிக்காகக் கேக்கறேன், மிஸஸ் ஆக்ராய்ட். அவனால வர முடியல, ஆஸ்பத்திரியில இருக்கான். சின்ன வயசுல அம்மை போட்டு படுத்திருந்தப்போ ரெண்டு பகுதியைப் பாக்க விட்டுட்டான். இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கான். பதில் என்னன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்க வாயால கேட்டுட்டு வரச் சொன்னான். பிரதி எதுவும் இல்லைதானே?"

ஹால் முழுவதும் 'இல்லை' என்று சொல்லத் தயாராக மூச்சை இழுத்தது. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். மேவிஸின் கழுத்து சிவந்து, அந்தச் சிவப்பு காது வரை ஏறியதைப் பார்த்தேன். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"எனக்குத்... தெரியாது" என்றாள்.

ஒரு கரண்டி கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கோர்டன் ஓடிப்போய் மைக்கை வாங்கி, சாப்பாடு தயார், சாப்பாடு தயார் என்று கத்தினான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டெலிபோன் ஓயவில்லை. "போன வருஷம் இல்லைன்னீங்க, இப்ப தெரியாதுன்னா என்ன அர்த்தம்?" என்று ஆபர்டீனிலிருந்து ஒருவர். மான்செஸ்டரிலிருந்து ஒருவன் நேரிலேயே வந்து வாசல் கேட் பக்கத்தில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேவிஸ் திரையை இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சமையலறையில் கஸ்டர்டில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். இருநூறு பிள்ளைகள் துப்பினார்கள். பெரில் அவளை ஓரமாக இழுத்து, "உனக்கு உடம்பா, மனசா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாள். மேவிஸ் அடுத்த பானையைத் தேய்க்கப் போனாள்.

ஒரு சனிக்கிழமை காலை ஹெட்லி தோட்டத்திலிருந்து, வெங்காயத்தாள் மாதிரியான லீக் கட்டோடு வந்தபோது அவள் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து ஒரு டப்பாவின் மூடியைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தாள். வெண்ணெய்க் கத்தி வளைந்து கிடந்தது. மூடி விடவில்லை. ஹெட்லி லீக்கைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைத்து, டப்பாவை வாங்கி விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தட்டினான். மூடி வந்தது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண் எரிந்தது. சுருளின் ஓரம் மடித்த பேஸ்ட்ரி மாவு மாதிரி நெளிந்து கிடந்தது.

ஹெட்லி விரலால் தொடவில்லை.

"நீ இதைப் பாக்கணும்னுதான் எடுத்துட்டு வந்தேன்" என்றான். "பதினாலு வருஷமா பயப்பட வச்சிருக்கேன்."

"நான்தான்..."

"சும்மா இரு. கோட்டை எடு."

"எங்க?"

"மிஸஸ் லம் சனிக்கிழமை ஒரு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பாங்க."

லம் என்பவள் கம்பெனியின் படக்கிடங்குத் தலைவி. ஹெட்லி டை கட்டிக்கொண்டான். வேனில் போகலாமே என்றாள் மேவிஸ். "கம்பெனி வண்டியில கம்பெனி பொருளையா? அதுக்கும் ஒரு கேஸ் போடுவான்" என்றான். பஸ்ஸில்தான் போனார்கள். டப்பாக்கள் அவள் மடியில், காய்கறிப் பைக்குள், மேலே ஒரு துண்டு. பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சி, "நல்ல வாசம்மா. எந்தக் கடை?" என்றார். மேவிஸ் துண்டை இழுத்து மூடினாள். "ஆறிப் போச்சு" என்றான் ஹெட்லி.

மிஸஸ் லம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு டப்பாவைக் கையுறையோடு வாங்கினாள். ஒன்றும் கேட்காமல் பழைய கோப்பைத் தேடி எடுத்து, ஒரு தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே, மிஸ்டர் ஆக்ராய்ட்?"

"என்னுதுதான். எண்ணிக்கைதான் பொய். இருபத்தொன்பதுதான் எரிஞ்சுது."

"அவர் எனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தாள் மேவிஸ்.

"அதெல்லாம் நான் கேக்கல" என்றாள் லம். குரல் கடுமையாகத்தான் இருந்தது; ஆனால் டப்பாவை மேஜையில் வைத்த விதம் தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இருந்தது என்று மேவிஸ் சொன்னாள். "நான் இதை மேல சொல்லித்தான் ஆகணும். திங்கட்கிழமை நீங்க வண்டி எடுக்க வேண்டாம். வீட்டுல இருங்க. கூப்பிடுவாங்க."

ஏழு வாரம் கூப்பிடவில்லை. இதற்கு முந்தின பதினாலு வருஷத்தையும் ஒன்றாக அடுக்கினாலும் அந்த ஏழு வாரத்துக்கு ஈடாகாது. தெருவில் கார் நின்றால் மேவிஸ் போலீஸ் என்று நினைத்தாள். தபால்காரன் வருவதற்கு முன்னாலேயே மிதியடி பக்கத்தில் போய் நின்றாள். ஹெட்லி நாள் முழுவதும் தோட்டத்தில் மண்ணைக் கொத்தினான். கொத்தின இடத்தையே மறுபடி கொத்தினான். இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒருவரையொருவர் குற்றம் சொல்லவில்லை. அதை மேவிஸ் இரண்டு தடவை என்னிடம் சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. கேஸ் இல்லை. ஹெட்லி உடனே ஓய்வுபெற வேண்டும். பென்ஷன் கொஞ்சம் குறையும். விடைபெறும் விருந்து கிடையாது. கைகுலுக்கலும் கிடையாது. அவன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "கை எனக்கு ஏற்கனவே வலிக்குது" என்றான்.

சுருள்களில் ஒன்றைக் காப்பாற்றிவிட்டார்கள். முப்பத்தொன்றாம் பகுதி. சுருங்கிப்போயிருந்ததை அங்குலம் அங்குலமாகப் பிரதி எடுத்தார்கள். மேவிஸ் மேஜையில் திறந்தது அதுதான். மற்றது திறந்தபோது ஒரே கட்டி. தார் மாதிரி. சீட்டிலும் தொடரின் பெயர் மட்டும்தான், பகுதி எண் இல்லை. எந்தப் பகுதி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சுவான்சிக்காரரின் தம்பி விட்ட இரண்டில் ஒன்று அதுவாகக்கூட இருக்கலாம். முந்தின அக்டோபரிலேயே, பெரில் கோட்டை முகர்ந்த அன்றைக்கே கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று மேவிஸ் மிஸஸ் லம்முக்கு எழுதிக் கேட்டாள். "சொல்ல முடியாது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியை அவள் பல வருஷம் பையில் வைத்திருந்தாள்.

சங்கத்தில் பாதிப் பேர் அவளைக் கொண்டாடினார்கள். மீதிப் பேர் எட்டு வருஷம் பொய் சொன்னவள் என்றார்கள். இருவர் அவளுடைய தாளைக் கிழித்துக் கவரில் போட்டு அனுப்பினார்கள். கோர்டன் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஆனால் சங்கக் கடிதங்களைத் தன் முகவரிக்கு வரவைத்துக்கொண்டான்; அவள் வீட்டுப் பக்கமும் வரவில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது. முப்பத்தொன்றாம் பகுதியை ஜூலையில் சங்கத்துக்குத் திரையிட்டபோது மேவிஸ் கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தாள். இருபத்தைந்து நிமிஷமும் கதையைப் பார்க்க முடியவில்லை அவளால். படத்தில் ஓடிய கீறல்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹெட்லி அந்தத் தொடரில் ஒரு பகுதியை வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாகப் பார்த்தான். "சுவர் ஆடுதே" என்றான். "உஷ்" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு மழைநாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கோர்டன். ஒரு பெரிய தோள்பை, முழுக்க நனைந்த சீருடை.

"நாலு மாசக் கடிதம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "நானே எழுதிடலாம்னு பாத்தேன். ஒரு பொம்பளை நிலையத்துல பூனை இருந்துச்சான்னு கேக்கறா. எனக்கென்ன தெரியும்?"

"மூணாம் பகுதில இருந்துச்சு. அப்புறம் ஓடிப்போச்சு. ஸ்டுடியோ பூனை."

"எனக்கு இன்னும் கோபம் போகல, மேவிஸ்."

"தெரியும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். ஹல்லாம், ஹல்!"

"சொல்லியிருக்கணும்" என்றாள். "நீ சொன்ன பதிலைக் கேட்டதும் பயந்துட்டேன்."

கோர்டன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான். உள்ளேயிருந்து ஹெட்லி, கதவை மூடுங்க, சூப் ஆறுது, லீக் சூப், மூணு பேருக்கு இருக்கு என்று கத்தினான். கோர்டன் மிதியடியில் பூட்ஸைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்து, பையை மேஜையில் கவிழ்த்தான்.